குருதி நின்றபின் வரும் ஆபத்து

பெருங்காயமுற்ற ஒருவனின் குருதிப்பெருக்கை நிறுத்தி, இழந்ததற்கு ஈடாகக் குருதியும் ஏற்றிவிட்டால் உயிர் தப்பியதென்றே எண்ணுகிறோம். வைத்தியசாலை விறாந்தையிற் காத்திருக்கும் உறவினரும் ஆறுதலடைந்து வீடு திரும்புவர். ஆயினும் சில நாட்களில் நோயாளிக்கு மூச்சுத் திணறத் தொடங்குவதுண்டு. மார்பிற் காயமே படாதவனுக்கும் இது நேரும்.

வியட்நாம் யுத்தத்திலே இது பெரும் வினாவாயிற்று. முன்னாளில் களத்திலேயே மாண்டிருக்கக்கூடிய அமெரிக்கப் போர்வீரர் பலர் ஹெலிகொப்டரில் விரைந்து கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தனர். பிழைத்தவருட் சிலரைச் சுவாசப்பைகள் கைவிட்டன. 'டா நாங் சுவாசப்பை' என்று அதற்குப் பெயரும் வழங்கிற்று. 1967 இல் டென்வர் நகரத்து வைத்தியர் அஷ்போ, பிகலோ, பெற்றி முதலானோர் இத்தகைய 12 நோயாளரைப் பற்றி 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினர். எழுவர் இறந்தனர். அப்பன்னிருவருள் காயமுற்றோரும் இருந்தனர், கிருமித் தொற்றுக் கண்டோரும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

குருதியிழப்பு மட்டும் சுவாசப்பையை இந்த அளவுக்குக் கெடுப்பது அரிது. அது வெண்குழியங்களைச் சினமூட்டிச் சுவாசப்பையின் நுண்ணிய குருதிக் குழாய்களில் நிறுத்திவிடுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தளர்த்துகிறது. அவ்வேளையில் காயத்தினூடாகவோ, கிழிந்த குடலிலிருந்தோ, வாயிலிருந்து சுவாசக் குழாயில் இறங்கியோ கிருமிகள் புகுமாயின், அவ்வெண்குழியங்கள் கிருமியோடு குழாய்ச் சுவரையும் சேர்த்தே சிதைக்கின்றன. காவற்காரனே வீட்டைக் கொளுத்தினாற் போலத்தான்! நீர் கசிந்து காற்றுச் சிற்றறைகளை நிரப்ப, எவ்வளவு ஒட்சிசன் ஊட்டினும் குருதியில் அது போதியவாறு சேர்வதில்லை.

முதலிரு நாட்களுள் வருவதற்குக் குருதியிழப்பும், ஏற்றிய குருதியின் மிகுதியும் பெரும்பாலும் காரணமாகும். அதற்குப் பின் வருவதிலோ தொற்றின் கையே ஓங்கி நிற்கும். எனவே பின்னாளில் மூச்சு மோசமாகுமாயின் வயிற்றில் எங்கேனும் சீழ் கட்டியுள்ளதா, சுவாசப்பையிற் சளிக்காய்ச்சல் பிடித்துள்ளதா என்று தேடுதல் வேண்டும். சீழை வடிக்காது மருந்தை மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பதால் என்ன பயன்?

சுவாச இயந்திரத்தை மென்மையாக இயக்கவும் காலம் கற்பித்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 861 நோயாளரிடையே, ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றைப் பாதியாகக் குறைத்தபோது இறப்பு நூற்றுக்கு 40 அளவிலிருந்து 31 ஆயிற்று.

தாதியர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவைப்பதும், நோயாளியின் வாயைத் துடைத்துச் சுத்தஞ் செய்வதும் இந்தத் தொற்றுக்கு அஞ்சியே. பார்க்கச் செல்லும் நம்மை அவர்கள் கைகழுவி வரச் சொன்னால் நம்மிற் பலர் முகஞ் சுளிக்கிறோம்.