மேஸ்திரியிடம் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்

மழை ஓய்ந்து செங்கல் சூளைகள் தொடங்கியதும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் ஒடிசாக் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. தொழிலாளர் துறை ஆய்வாளர் அங்கே எப்போதாவது எட்டிப் பார்ப்பார். தடுப்பூசிப் பெட்டியோடு திரும்பத் திரும்பப் போகிறவர் நம் கிராம சுகாதார செவிலியர்தான். கொத்தடிமைக் குடும்பத்தை முதலில் பார்க்கப் போகும் அரசு ஊழியரும் பெரும்பாலும் அவரே.

அவருக்கு நாம் தரும் ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சியோ விலங்கிட்ட கைகளின் படத்தோடு முடிந்துவிடுகிறது. சூளையில் விலங்கு ஏது? முன்பணம் இருக்கும். கர்ப்பிணியிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டால், குடும்பங்களைக் கூட்டி வந்த மேஸ்திரி பதில் சொல்வார். ஒடியா தெரியாத நாமும் அவரையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். ஸ்கேனுக்கு அனுப்பினால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வரமாட்டார்கள். வந்தாலும் மூத்த பிள்ளை சூளையிலேயே இருக்கும். அது பிணை என்று நமக்குத் தோன்ற வேண்டும். வயிற்றைப் பரிசோதிக்க ஒரு மறைப்புக் கட்டினால் மேஸ்திரி வெளியே நின்றாக வேண்டும். ஒடியா தெரிந்த, சூளையோடு சம்பந்தமில்லாத ஒருவர் போனில் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் போதும்: முன்பணம் எவ்வளவு, கணக்கு யாரிடம், ஊரில் சாவு என்றால் விடுவார்களா?

அடி உதை இருந்தால்தான் புகார் செய்யலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு, முன்பணம் வாங்கியதால் விருப்பப்படி வெளியே போகும் உரிமை பறிபோயிருந்தாலே போதும். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் முன்பணம் கொடுத்தவர். இது 15ஆம் பிரிவு. 'சம்மதித்துத்தானே வந்தார்கள்' என்ற பேச்சும் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

புகார் போக வேண்டிய இடம் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர். குழந்தை என்றால் 1098. விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் குடும்பம் ஊர் திரும்பினால் மறுவாழ்வு உதவி கிடைப்பது கடினம். அடுத்த பருவத்தில் அதே மேஸ்திரி அதே வாசலில் நிற்பார். எனவே சூளையிலேயே சண்டை பிடிப்பதும் போட்டோ எடுப்பதும் வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த செவிலியர்கூட வாய் திறக்கத் தயங்குவார். அடுத்த மாதம் அதே சூளைக்குத் தனியாக ஸ்கூட்டியில் போக வேண்டியவர் அவர். புகார் மனுவில் அவர் பெயர் வரக்கூடாது; தகவல் வட்டார மருத்துவ அலுவலர் வழியாகவே போக வேண்டும். இதை எழுத்தில் உத்தரவாகக் கேட்போம். அடுத்த பயிற்சிக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவரை வரவழைத்து, போன் வந்தால் என்ன செய்வார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வைப்போம்.