சினிமாவுக்குப் போவது வீண் செலவா?

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. பையன் மெதுவாக அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறான்.

"அப்பா, சினிமாவுக்குப் போகலாமா?"

அம்மா சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கும் ஆசைதான். ஆனால் வாய் திறக்கவில்லை. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்.

"அடுத்த மாசம் பார்க்கலாம்டா" என்கிறார்.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. அப்பா சொன்னது சரியா, தப்பா? முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நாலு நாள் கூலி!

ஒரே கட்டிடத்தில் ஐந்தாறு திரைகள் வைத்திருக்கிறார்களே, மல்டிபிளெக்ஸ், அங்கே போவதாக வைத்துக்கொள்வோம். அந்த மாதிரி தியேட்டர்களில் டிக்கெட் 150 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று தமிழக அரசு 2017 அக்டோபரில் வரம்பு கட்டியது. வரி தனி. வரியையும் சேர்த்தால் ஒரு டிக்கெட் 180 ரூபாய்க்கு மேல் போகும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். டிக்கெட்டுக்கு மட்டும் 720 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. செல்போனில் டிக்கெட் எடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். போகவும் வரவும் ஆட்டோ. இடைவேளையில் பாப்கார்ன். பெரியவன் கேட்டால் சின்னவளும் கேட்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது 1,500 ரூபாய் போயிருக்கும்.

2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அப்படியானால், நாலு நாளைக்கு மேல் வெயிலில் மண் வெட்டிய கூலி, மூன்று மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது!

இந்தக் கணக்கைப் பார்த்தால், "அடுத்த மாசம்" என்று அப்பா சொன்னது நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால், பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல், வீண் செலவு என்று எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்?

ரெயில்வே குமாஸ்தா செய்த வேலை

தமிழர்களுக்குச் சினிமா காட்டியவர்களில் முன்னோடி ஒரு ரெயில்வே குமாஸ்தா. பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் வேலை பார்த்தார். 1905ஆம் ஆண்டு, டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார்.

அதன் பிறகு டூரிங் டாக்கீஸ் வந்தது. கீற்றுக் கொட்டகை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட் எடுத்தவர்கள் மணலில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவன் தலை மறைக்கும். உடனே மணலைக் குவித்து மேடு ஆக்கி அதன் மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவனுக்கு மறைக்கும். அவன் சும்மா இருப்பானா? அவனும் மணலைக் குவிப்பான். படம் ஆரம்பிப்பதற்குள் அங்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும்!

அந்தக் கொட்டகைக்கு ஒரு பெருமை உண்டு. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி இதை எடுத்துச் சொல்லி இருக்கிறார். கோவிலுக்குள் எல்லோரும் நுழைய முடியாத காலம் இருந்தது. ஓட்டலில் சாதி பார்த்து இடம் கொடுத்த காலம் இருந்தது. அப்போது சினிமாக் கொட்டகையில் தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். நாற்காலியா, தரையா என்பதைப் பிறப்பு முடிவு செய்யவில்லை. கையில் இருந்த காசு முடிவு செய்தது.

பண்ணையாரும் வந்தார். பண்ணையாள் குடும்பமும் வந்தது. அவர் நாற்காலியில், இவர்கள் தரையில். ஆனால் கதாநாயகி அழுதபோது இரண்டு பக்கமும் அழுதார்கள்.

சில அணாக்களுக்கு இது கிடைத்தது. அதனால்தான் ஜனங்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். 1944இல் வெளிவந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் "ஹரிதாஸ்", சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1952இல் மதுரையில் தங்கம் தியேட்டர் "பராசக்தி" படத்துடன் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் உட்காரலாம். அந்தத் தங்கம் தியேட்டர் இன்று இல்லை.

சினிமாவே கெடுதல் என்று சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். ராஜாஜிக்குச் சினிமா பிடிக்காது. பெரியாரும் கண்டித்துப் பேசியவர்தான். அரசியலில் எதிரும் புதிருமாக இருந்த இருவர், இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி! ஜனங்கள் இருவரையும் மதித்தார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டாம் ஆட்டத்துக்குப் போனார்கள்.

வீட்டிலேயே பார்த்தால் என்ன?

இப்போது சிலர் கேட்கிறார்கள்: "படம் வந்து நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாமே! எதற்குத் தியேட்டர்?"

நல்ல கேள்வி. 1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. டி.வி. இருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே கூடிப் படம் பார்த்தது. 2020இல் கொரோனா வந்து தியேட்டர்களை மூடியபோது, "பொன்மகள் வந்தாள்" படம் மே 29ஆம் தேதி நேராக வீட்டுக்கே வந்துவிட்டது. அதன் பிறகு அதுவே பழக்கமாகி விட்டது. மாதச் சந்தா கட்டினால் எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசுக் கணக்கை மட்டும் பார்த்தால், தியேட்டர் இதனோடு போட்டி போடவே முடியாது.

ஆனால், வீட்டில் படம் பார்ப்பது யார்?

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். அவருடைய மனைவியிடம், வீட்டில் பார்த்த ஒரு படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கண்ணே பார்த்தேன்? பாதியில் குக்கர் கூப்பிட்டது. அப்புறம் மாமியார் கூப்பிட்டாங்க. அப்புறம் இவர் காபி கேட்டார். வந்து உட்கார்ந்தா படம் முடிஞ்சு போச்சு" என்றார்.

"தியேட்டரில்?"

"அங்கே யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்களே!"

வீட்டில் அப்பா படம் பார்க்கிறார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு செல்போனில் ஆளுக்கு ஒரு படம் பார்க்கிறார்கள். அம்மா, எல்லோருக்கும் தோசை வார்க்கிறாள். தியேட்டரில்தான் அவளுக்கும் ஒரு நாற்காலி, மற்றவர்களுக்கு இருப்பது போலவே, நம்பர் போட்டுக் கிடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டால் மூன்று மணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. மேட்னி ஆட்டங்களில் பெண்கள் கூட்டம் நிரம்பி வழிந்ததே, பெண்களுக்கென்று தனி வரிசையே வைத்தார்களே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? எல்லாப் படமும் நல்ல படம் என்பதாலா?

வருஷம் முழுவதும் லீவு இல்லாமல் உழைக்கிறவளுக்கு இந்தச் செலவு வீண் என்று நான் சொல்லமாட்டேன். மகன் தயங்காமல் கேட்கிறான். அவள் கேட்பதில்லை. அதனால் அவளுக்கு ஆசை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எது வீண்?

வீண் செலவு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் நாள், முதல் காட்சி! அதற்காக நிர்ணயித்த விலையைப் போல இரண்டு பங்கு, மூன்று பங்கு கொடுத்து டிக்கெட் வாங்குவது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே படம்தான். அதே பாட்டு, அதே சண்டை. முடிவு மாறிவிடப் போவதில்லை!

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்களே, அதைப் பற்றி எழுதக்கூட மனம் வரவில்லை. வீட்டில் குழந்தை காபிக்குப் பால் இல்லாமல் இருக்கும்.

கடன் வாங்கிப் படம் பார்ப்பதும் கூடாது. கார்டில் தேய்த்தாலும் அது கடன்தான்.

சர்டிபிகேட்டைப் பார்க்காமல் போவதும் காசுக்குக் கேடு. "ஏ" சர்டிபிகேட் என்றால் 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், பெற்றோர் கூட வந்தாலும்! டிக்கெட் எடுத்துவிட்டு, வாசலில் குழந்தையுடன் நிற்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "யுஏ" படங்களையும் 2024இல் 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். போஸ்டரில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இலவசம்

இனி, சோளப்பொரி விஷயம்.

வெளியே பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைப்பது உள்ளே இருநூறைத் தாண்டுகிறது. வீட்டில் இருந்து முறுக்கு கொண்டுபோனால் வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். இது நியாயமா என்று ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 ஜனவரி 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் நல்ல குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்கவேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்றும் சொல்லி இருக்கிறது.

ஆகவே, தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். "குடிதண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று தைரியமாகக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசியோடு போகிற பிள்ளைதான் இடைவேளையில் அடம் பிடிக்கும்.

வரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 100 ரூபாயைத் தாண்டினால் 18 சதவிகிதம். உள்ளாட்சி வரி தனி. 100 ரூபாய் டிக்கெட்டுக்கு இந்த வரி 5 ரூபாய். 150 ரூபாய் டிக்கெட்டுக்கு 27 ரூபாய். நம் ஊரில் பழைய ஒற்றைத் திரைத் தியேட்டர் இருந்து, நாற்காலியும் கழிப்பறையும் சுத்தமாக இருந்தால், அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். நாலு பேர் டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் நாலு பேரும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

தரை டிக்கெட் எங்கே போயிற்று?

தியேட்டர்காரர்களுக்கும் கஷ்டம் உண்டு என்பது எனக்குத் தெரியும். மின்சாரம், குளிர்சாதனம், ஆட்களின் சம்பளம். கூட்டம் வருவதில்லை, டிக்கெட் விலையை ஏற்றவேண்டும் என்கிறார்கள். விலை ஏற ஏறக் கூட்டம் குறைகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

2022 செப்டம்பர் 23ஆம் தேதியை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். அன்று தேசிய சினிமா நாள் என்று சொல்லி, இந்தியாவில் சுமார் 4,000 திரைகளில் டிக்கெட்டை 75 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரே நாளில் 65 லட்சம் பேர் வந்தார்கள்! என்ன காரணம்? விலைதான் குறைந்தது.

அந்த 65 லட்சம் பேருக்கும் சினிமா பிடிக்காமல் இல்லை. மற்ற நாட்களில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

பழைய கொட்டகையில் தரையும் உண்டு, நாற்காலியும் உண்டு. ஒரே படத்தை ஏழையும் பார்த்தான், பணக்காரனும் பார்த்தான். இன்று பெரிய தியேட்டர்களில் பெரும்பாலான வரிசைகளுக்கு விலை ஒன்றாகவே இருக்கிறது. எல்லோருக்கும் மெத்தை நாற்காலி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரைக்கு மட்டும் காசு வைத்திருப்பவன் உள்ளே வருவது கஷ்டம். பிறப்பைக் கேட்காத கொட்டகை, காசைக் கேட்டு அவனைத் திருப்பி அனுப்புகிறது.

மணல் தரையை மறுபடி கொண்டுவரச் சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் மூன்று வரிசைகள் பல ஆட்டங்களில் காலியாகத்தான் கிடக்கின்றன. கழுத்து வலிக்கும் என்று யாரும் அங்கே உட்காருவதில்லை. அந்த மூன்று வரிசைகளையும் தினமும், எல்லா ஆட்டத்துக்கும், 50 ரூபாய்க்குக் கொடுக்கட்டும். செல்போனில் எடுக்கத் தெரியாதவர்களுக்காக ஜன்னலிலும் விற்கட்டும். எங்கள் தெருத் தையற்காரர் குடும்பத்துக்கு நாலு டிக்கெட் 200 ரூபாய். கழுத்து வலியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.