ஒரு காது போதாதுங்க

1/ "ஒரு காதுதானே சார் கேட்கல, இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு?" ஓபியில் அடிக்கடி கேட்கிற கேள்வி. போதாதுங்க. ஏன்னு சொல்றேன்.

2/ ரோட்டில் வலப்பக்கம் ஹார்ன் சத்தம். யோசிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு அந்தப் பக்கம் போயிடும். சத்தம் வலது காதுக்கு முதலில், கொஞ்சம் கூடுதலா வரும். இடது காதுக்குத் தாமதமா வரும். அந்தத் தாமதம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு! அதை வச்சுத்தான் மூளைத்தண்டு திசையைக் கணிக்குது.

3/ இன்னொரு சிக்கல். காது தலையோட ஒட்டியிருக்கு, கண்ணு தனியா அசையும். அதனால கண்ணு இப்போ எங்கே பார்க்குதுன்னும் சேர்த்துக் கணக்குப் போடணும். நடுமூளையில் சுப்பீரியர் கோலிகுலஸ் என்ற பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு. 1984-ல் ஜே, ஸ்பார்க்ஸ் இருவரும் குரங்குகளில் காட்டினாங்க: கண் நகர்ந்தா, அங்குள்ள நரம்பு செல்கள் எந்தத் திசை சத்தத்துக்குத் துடிக்குதோ அதுவும் நகருது.

4/ ஒரு காது போனா இந்தக் கணக்குக்கு ஆதாரமே ஆட்டம் காணும். ஹார்ன் கேட்கும். எந்தப் பக்கம்னு தெரியாது. கண்ணு தேடுற அந்த நொடிக்குள்ள வண்டி வந்துடும்.

5/ "ஒரு காதில் மட்டும்தான் இயர்போன்"னு பைக் ஓட்டுற தம்பிகளுக்கும் இதேதான். என்னைக் கேட்டா அது பாதி கவனம் இல்ல, பாதி ஆபத்தும் இல்ல. முழு ஆபத்து.

6/ திடீர்னு ஒரு காது கேட்கலைன்னா "சளியா இருக்கும்"னு வாரக்கணக்கில் காத்திருக்காதீங்க. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. நாள் தள்ளினா கேட்கும் திறன் திரும்புற வாய்ப்பு குறையும்.