நினைவகம் என்னும் சர்வரோக நிவாரணி

வீட்டுக் கணனி மெதுவாகிவிட்டது என்று எவரிடமேனும் முறையிட்டுப் பாருங்கள். கணனியைத் தொட்டும் பாராமல் பதில் வரும்: "ரேமைக் கூட்டுங்கோ, பறக்கும்." நாடி பிடிக்காமல் மருந்தெழுதுபவரைப் போலி வைத்தியர் என்கிறோம். அதே காரியத்தைக் கணனிக் கடையில் செய்பவரை மட்டும் நிபுணர் என்கிறோம். இது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது மடிக்கணனியுடன் என் வீட்டுக்கு வந்தார். என்னிலும் மூத்தவர். கணனி இயங்கத் தொடங்குவதற்கே நான்கு நிமிடங்களுக்கு மேல் எடுத்தது. ஒரு கடையில் அதன் 8 ஜிகாபைட் நினைவகத்தை 16 ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். ஓய்வூதியத்தில் ஒரு பங்கு போயிற்று. கணனியோ பழையபடியே ஊர்ந்தது. "தம்பி, இன்னும் கூட்டவேணுமாம் எண்டு கடைக்காரப் பொடியன் சொல்லுறான். கூட்டட்டோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்திற்தான்.

பத்திரிகைக் காரியாலயத்தை வைத்தே இதனை விளக்கலாம். உதவி ஆசிரியரின் மேசைதான் நினைவகம். பழைய கோப்புகள் உறங்கும் அலுமாரிதான் வன்தட்டு. மேசை சிறிதாயின் ஒரு கோப்பை எடுக்க இன்னொன்றை அலுமாரிக்குத் திருப்பி அனுப்பவேண்டும். அந்த அலைச்சலில் வேலை கெடும். அப்போது மேசையைப் பெரிதாக்குவது புத்திசாலித்தனம். ஆனால் மேசையில் பாதி வெறுமையாகக் கிடக்கையில் அதனை இரட்டிப்பாக்கினால் உதவி ஆசிரியர் இருமடங்கு விரைவாக எழுதுவாரா? கோப்பை எடுத்துவரும் பியோன் நொண்டி நடந்தால் மேசை என்ன செய்யும்?

ஆசிரியரின் கணனியில் நொண்டியது அந்தப் பியோன்தான். உள்ளே இருந்தது நிமிடத்திற்கு 5400 தடவை சுழலும் பழைய வன்தட்டு. வேண்டிய தரவு தட்டின் முனைக்குக் கீழே வந்துசேரும்வரை காத்திருக்கும் நேரம் மாத்திரம் சராசரியாக ஐந்தரை மில்லிசெக்கன். முனை நகரும் நேரம் வேறு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையை ஏறக்குறைய பத்திலொரு மில்லிசெக்கனில் முடித்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு தேடல்கள் நிகழ்கின்றன. நான்கு நிமிடம் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இதைக் கண்டறிய எனக்கு எந்த நிபுணத்துவமும் தேவைப்படவில்லை. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினேன். டாஸ்க் மனேஜர் திறந்தது. நினைவகத்தில் 16 இல் 5 ஜிகாபைட்டே பாவனையில் இருந்தது. வன்தட்டோ நூற்றுக்கு நூறு வீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. வன்தட்டை அகற்றி எஸ்எஸ்டி பொருத்தினோம். அரை நிமிடத்துக்குள் கணனி தயாராகிறது. கடைக்காரர் முதலில் இந்தத் திரையைப் பார்த்திருந்தால் அந்த ஆசிரியரின் பணம் தப்பியிருக்கும்.

நினைவகமே வீண் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு மூடநம்பிக்கையாகிவிடும். 4 ஜிகாபைட் கணனியில் குரோமில் பதினைந்து பக்கங்களைத் திறந்துவைத்து, இணையவழி வகுப்பிலும் அமர்ந்திருக்கும் மாணவிக்கு மேலும் 4 ஜிகாபைட் பெரும் வரம். நினைவகம் நிரம்பி வழியும்போது கணனி வன்தட்டையே தற்காலிக நினைவகமாக்கிக்கொண்டு தவிக்கிறது. அந்தத் தவிப்பை நிறுத்துவதுதான் நினைவகத்தின் வேலை. மெதுவான இணைய இணைப்பை அது விரைவாக்காது. தூசு அடைத்துச் சூடேறும் செயலியைக் குளிர்விக்காது. 32 பிட் விண்டோஸை வைத்துக்கொண்டு வீட்டுக் கணனிக்கு 8 ஜிகாபைட் போட்டாலும் 4 இற்கு மேற்பட்டது உறங்கியே கிடக்கும்.

இந்த நம்பிக்கை பரவியதில் எங்களுக்கும் பங்குண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வெளியான 2001 ஆம் ஆண்டில் அதற்கு மைக்ரோசொப்ட் கேட்ட ஆகக்குறைந்த நினைவகம் 64 மெகாபைட். அந்த அளவோடு தள்ளாடிய கணனிகளுக்கு நினைவகம் மெய்யாகவே மருந்தாயிற்று. பத்திரிகைகளின் கணனிப் பக்கங்களில் அதையே எழுதினோம். நானும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று அது உண்மை. காரணம் மறந்துபோய், வாக்கியம் மட்டும் எஞ்சியபோது அது மூடநம்பிக்கையாயிற்று.

இன்னொரு குற்றவாளியும் இருக்கிறார். 1995 இல் விண்டோஸ் 95 கேட்டது 4 மெகாபைட். 2021 இல் விண்டோஸ் 11 கேட்டது 4 ஜிகாபைட், ஆயிரம் மடங்கு. நமது கடிதங்கள் ஆயிரம் மடங்கு நீண்டுவிட்டனவா? பாஸ்கல் மொழியைப் படைத்த சுவிஸ் விஞ்ஞானி நிக்லாவுஸ் விர்த், மென்பொருள்கள் காரணமின்றிப் பருத்து வன்பொருளின் வேகத்தை விழுங்குவதை 1995 இலேயே கண்டித்து எழுதினார். பெருநிறுவனங்கள் செவிசாய்க்கவில்லை. அவர்களுடைய சோம்பலுக்கு நாம் பணம் செலுத்துகிறோம்.

அந்தப் பணம் சிறிதல்ல. 2022 நெருக்கடியில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமாற்று சில வாரங்களில் 360 ஐத் தொட்டதை இலங்கையர் மறக்கமாட்டார்கள். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் உலகச் சந்தையில் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் முடிந்தது. இப்போது, "ரேமைக் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறும்" என்கிறார்கள். செயலி மைக்ரோசொப்டின் பட்டியலில் இல்லையென்றால், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லையென்றால், 64 ஜிகாபைட் நினைவகம் பொருத்தினாலும் அக்கணனி தகுதிபெறாது.

ஆகவே, அடுத்த முறை எவரேனும் நினைவகத்தைக் கூட்டச் சொன்னால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" திரையைத் திறந்து காட்டினால் பணத்தைக் கொடுங்கள். காட்டாவிட்டால் கணனியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.