தரையில் தெரியும் உண்மை

கணினியில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவது சற்று விநோதமாகத் தோன்றக்கூடும். ஆயினும், வரலாற்று நாவலைப் போலவே அவையும் கடந்த காலத்தை நமக்குப் புனைந்து காட்டுபவை. எனவே நாவலிடம் கேட்கும் அதே கேள்வியை அவற்றிடமும் கேட்கலாம்: எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன? இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைச் சித்திரிக்கும் சிமுலேட்டர்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடையை வானத்தில் தேடிப் பயனில்லை, தரையில்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காலப் போர் விமானங்களில் பெரும்பாலானவை முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களையும் வாலடியில் ஒரு சிறு சக்கரத்தையும் ஊன்றி நிற்பவை. நிற்கையில் மூக்கு வானைப் பார்த்திருக்கும். விமானியின் கண்ணெதிரே எஞ்சின் மூடி மட்டுமே தெரியும். நேர்முன்னே உள்ள பாதை தெரியாது. ஆகவே இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடிதான் விமானத்தை உருட்டிச் செல்ல வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருப்பது. ஓடும்போது சற்றே திசை பிறழ்ந்தாலும் அந்த எடை பிறழ்வைத் திருத்தாது, பெருக்கும். வால் முன்னே வர முயலும். விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சக்கரக்கால் முறிந்து இறக்கை தரையில் உரசும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

எஞ்சினும் தன் பங்குக்குத் தொல்லை தரும். மெர்லின் எஞ்சின் பூட்டிய ஸ்பிட்ஃபயரில் விசையைக் கூட்டியதும், சுழல்விசிறி கிளப்பும் காற்று திருகலாகப் பின்னோடி, நிமிர்ந்து நிற்கும் வாலின் இடப்பக்கத்தில் மோதும். மூக்கு இடப்புறம் இழுக்கும். விமானி வலது மிதியை அழுத்தியாக வேண்டும். பின்னர் வந்த கிரிஃபன் எஞ்சினோ எதிர்த்திசையில் சுழல்வது. மெர்லினுக்குப் பழகிய கால் அங்கே தவறான மிதியைத் தேடும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ சக்கரக்கால்கள் உடற்பகுதியில் பொருத்தப்பட்டவை. இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலிலேயே நிற்கும் என்பதால் பழுதுபார்ப்பது எளிதாயிற்று. அதற்குக் கொடுத்த விலை, இரு சக்கரங்களுக்கும் இடையே அகலம் குறைந்துபோனது. எதிரியைக் காணாமலே ஓடுதளத்தில் நொறுங்கிய 109 விமானங்கள் ஏராளம்.

டிசிஎஸ் வரிசையில் 2012-இல் வெளியான பி-51டி மஸ்டாங் இந்தத் தரை வாழ்வை அக்கறையுடன் எடுத்துக்கொண்ட ஒன்று. அதில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னே இழுத்தால் வால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்னே தள்ளினால் விடுபடும். அசல் விமானத்தின் அமைப்பும் அதுவே. தொடர்ந்து அதே வரிசையில் மெஸ்ஸர்ஷ்மிட்டும் ஸ்பிட்ஃபயரும் வந்தன. சண்டையிடத்தானே வாங்கினோம், ஓடுதளத்தில் புரளவா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்காக, மேலெழும்போது கணினியே கைகொடுக்கும் வசதியும், தரையைத் தொடாமல் நேரே வானில் தொடங்கும் வசதியும் தரப்பட்டுள்ளன.

அந்தச் சலிப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கடினமாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அசல் விமானி, மூக்கு திரும்புவதைக் கண்ணால் காணுமுன்பே இருக்கையில் அமர்ந்த உடலால் உணர்வான். நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்ப்பவருக்கு அந்த உணர்வு இல்லை. பலரிடம் கால்மிதிகளும் இல்லை. மேலும், பிரிட்டனில் ஸ்பிட்ஃபயரை அணுகிய இளைஞர்கள் டைகர் மாத், ஹார்வர்ட் போன்ற பயிற்சி விமானங்களில் பழகிய பின்னரே அதில் ஏறினார்கள். நாமோ முதல் நாளே ஏறிவிடுகிறோம். ஆகவே ஊன்றுகோல் இருக்கட்டும். ஆனால் அது ஊன்றுகோல் என்பது ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனைவருக்கும் எளிதாக்குகிறோம் என்று விமானத்தின் இயல்பையே திருத்தி எழுதுவது வேறு காரியம். அது வரலாற்றைத் திருத்துவது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். தரையை நீக்கிவிட்டால் எஞ்சுவது வீரக்கதை மட்டுமே. வானில் சுட்டவரும் சுடப்பட்டவரும் அதில் இருப்பார்கள். மேலெழும்போதும் இறங்கும்போதும் மாண்ட இளைஞர்கள் இருக்கமாட்டார்கள். அவர்களுடைய சாவும் போரின் சாவுதான்.

இன்னும் ஒரு கூட்டம் விடுபட்டிருக்கிறது. பலத்த காற்று வீசும் நாட்களில் ஸ்பிட்ஃபயரின் வால் தூக்கிவிடாதிருக்க, உருண்டு செல்லும் விமானத்தின் வாலில் தரைப்பணியாளர் ஒருவர் ஏறி அமர்வது வழக்கம். 1945 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஹிபல்ட்ஸ்டோ தளத்தில் மார்கரெட் ஹார்ட்டன் என்ற பெண் மெக்கானிக் அவ்வாறு அமர்ந்திருந்தபோது, அதை அறியாத விமானி மேலெழுந்துவிட்டார். வாலைப் பற்றிக்கொண்டே வானில் சுற்றிவந்த அவர் காயமின்றித் தரை சேர்ந்தார். ஏபி910 என்ற அந்த விமானம் இன்றும் பிரிட்டனில் பாதுகாக்கப்படுகிறது. சிமுலேட்டர்களில் அந்த வாலில் எவரும் இல்லை. மெஸ்ஸர்ஷ்மிட்டின் எஞ்சினை உயிர்ப்பிக்கத் தரையில் நின்று கைப்பிடியைச் சுழற்றிய மனிதர்களின் உழைப்பும் பட்டியலில் உள்ள ஒரு கட்டளையாகச் சுருங்கிவிட்டது.

எஞ்சின் ஒலியையும் இறக்கையின் ஆணித்தலைகளையும் அசலாக்கப் பல்லாண்டுகள் உழைத்தவர்களுக்கு, அந்த வாலில் ஒரு மனித உருவை அமர்த்துவது இயலாத வேலையன்று. அதுவரை, ஓடுதளத்தில் தடுமாறிச் சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அந்தத் தடுமாற்றத்தைத் தாண்டிச் செல்ல அவசரப்படாதீர்கள். அந்தப் போரில் பலர் வாழ்ந்ததும் சிலர் மாண்டதும் அங்கேதான்.