மாடிப்படியில் லைட் எங்கே இருக்கிறது... கவனித்தீர்களா?

கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாவது வாரம், அப்பத்தா மாடிப்படியில் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. "கடேசிப் படி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு காலை வச்சேன் தம்பி" என்றார். இத்தனைக்கும் ஹால் ஃபால்ஸ் சீலிங்கில் மட்டும் 12 ஸ்பாட் லைட்! மாடிப்படிக்கோ திருப்பத்தில் ஒன்றே ஒன்று. இறங்கும்போது அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். நம் நிழலே படியை மறைத்துவிடும். படியெல்லாம் ஒரே கறுப்பு கிரானைட் வேறு.

20 வயதில் விழித்திரையைச் சென்றடையும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சென்றடைகிறது. அதனால், 'எனக்கு நல்லாத்தானே தெரியுது' என்று சொல்லி லைட் வாங்காதீர்கள். வீட்டிலேயே மூத்தவரின் கண்ணுக்குத்தான் வாங்க வேண்டும்.

கடையில் வாட்ஸை மட்டும் பார்க்காமல், பெட்டியில் லூமென் எவ்வளவு என்று பாருங்கள். வெளிச்சத்தின் அளவு அதுதான். 9 வாட் எல்.இ.டி பல்பு சுமார் 900 லூமென் தரும். அடுத்து கெல்வின். 2,700 - 3,000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 4,000 நடுத்தரம், 6,500 பளீர் வெள்ளை. நம் ஊரில் வீடு முழுக்க 6,500 போட்டுவிடுகிறோம். பெட்ரூமில் அதைப் போட்டால் மெடிக்கல் ஷாப்பில் படுத்திருப்பது போலத்தான் இருக்கும்! பெட்ரூமுக்கு மஞ்சள், கிச்சன் மேடைக்கு 4,000 போதும். கிச்சனிலும் பீரோ பக்கத்திலும் சி.ஆர்.ஐ 90 இருந்தால் புடவை நிறமும் காய்கறி நிறமும் உள்ளபடி தெரியும்.

வெளியே என்றால் ஐ.பி எண் முக்கியம். போர்டிகோ கூரைக்குக் கீழே ஐ.பி 44 போதும். மழை நேராக அடிக்கும் காம்பவுண்டு சுவருக்கு ஐ.பி 65 வேண்டும். கேட் லைட் கண்ணில் அடிக்காமல் கீழ்நோக்கி இருக்கட்டும். கண் கூசினால் பூட்டும் தெரியாது, வந்திருப்பவர் முகமும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் தூக்கமும் போகும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வயரிங் பைப் பதிக்கும் முன் ஒருநாள் இருட்டியதும் போய்ப் பாருங்கள். லைட் வரப்போகும் இடத்தில் ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நீங்கள் மெதுவாகப் படியிறங்குங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். படியின் மேலேயும் கீழேயும் டூ வே சுவிட்ச் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் இதையெல்லாம் செய்யவில்லை. பூசிய சுவரை உடைத்து, முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன மஞ்சள் லைட் பதித்தோம். 'கரன்ட் வீணாப் போகுது' என்று அப்பத்தா தினமும் அணைத்துவிட்டு, இருட்டில் இறங்கினார். கடைசியில் ஆள் நடந்தால் எரியும் சென்சார் வைத்தோம். இப்போது சுவிட்சைத் தேடித் தேடித் திட்டிக்கொண்டிருக்கிறார்.