ஃபுல் சூட்... மீன்... ஒரு புரட்சி!

அங்கோலாவில் ஒரு சிறைச்சாலை. கைதியைப் பார்க்க மனைவி வர்றாங்க. பேச்சுக்கு நடுவுல 'ஃபாட்டோ கம்ப்ளீட்டோ'னு ஒரு வார்த்தை வருது. போர்த்துக்கீசிய மொழியில அதுக்கு 'ஃபுல் சூட்'னு அர்த்தம். காவலர்களுக்கு மூக்கு வியர்த்துடுது. 'கோட்டுக்குள்ள ரகசியச் சேதி வரப்போகுது'னு கைதியைப் போட்டு நொறுக்குறாங்க. ஆனா, உள்ளூர்க்காரங்களுக்கு அது ஒரு சாப்பாடு பாஸ்! மீன், பீன்ஸ், வாழைப்பழம், பாமாயில்... அவ்வளவுதான் மேட்டர்.

ஆளுறவனுக்கு, தன்கிட்ட அடிவாங்குறவன் என்ன சாப்பிடுறான்னுகூடத் தெரியலை. காலனி ஆட்சியை இதைவிடச் சுருக்கமா கிழிக்க முடியுமா என்ன? 'மோனாங்கம்பே'ங்கிற இந்தப் படம் இருபது நிமிஷம்கூட ஓடாது. எடுத்தவர், சாரா மால்டொரார்.

1929-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பா, கரீபியன் தீவான குவாதலூப்காரர். கறுப்பினப் பெண்ணா... கூப்பிடு வேலைக்காரி வேஷத்துக்குனு இருந்த காலத்துல, 1956-ல் பாரிஸில் கறுப்பினக் கலைஞர்களோட சேர்ந்து ஒரு நாடகக் குழுவையே ஆரம்பிச்சார். அப்புறம் மாஸ்கோவில் சினிமாப் படிப்பு. 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) படத்துல உதவியாளர். வாழ்க்கைத் துணை மரியோ டி ஆந்த்ராடே, அங்கோலா விடுதலை இயக்கத் தலைவர்களில் ஒருவர்.

1972-ல் வந்த 'சம்பிஸாங்கா'தான் சாராவோட பெரிய படம். அங்கோலாவில் போர் நடந்துக்கிட்டிருந்ததால, பக்கத்துல காங்கோவில் ஷூட்டிங். நடிச்சவங்கள்ல பலர் இயக்கத்து ஆட்களே! டிராக்டர் ஓட்டுற டொமிங்கோஸை போலீஸ் அள்ளிட்டுப் போகுது. கூட்டாளியான வெள்ளைக்கார இன்ஜினீயர் பேரைச் சொல்லச் சொல்லி அடிக்கிறாங்க. அவன் வாயே திறக்கலை. (நம்ம டிபார்ட்மென்ட் பசங்க கவனிக்க!) ஆனா, படத்தைத் தூக்கிச் சுமக்குறது அவன் மனைவி மரியாதான். முதுகுல கைக்குழந்தையைக் கட்டிக்கிட்டு, ஆபீஸ் ஆபீஸா, ஸ்டேஷன் ஸ்டேஷனா நடக்கிறா. 'இங்கே இல்லை, அங்கே போ' என்பதுதான் பதில். துப்பாக்கிச் சண்டையைவிட அந்த நடை நம்மளை அதிகமா உலுக்கும். 'போராட்டப் படம் இவ்வளவு அழகா இருக்கலாமா?'னு சிலர் குறைகூட சொன்னாங்க. என்னைக் கேட்டா, ஏழை முகம்னாலே அழுக்காத்தான் காட்டணும்ங்கிற நினைப்புதான் கோளாறு.

கார்த்தேஜ் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கும் முதல் பரிசு. போர்ச்சுகலிலோ, 1974-ல் சர்வாதிகாரம் கவிழும் வரை தடை. அடுத்த வருஷமே அங்கோலாவுக்கு விடுதலை!

இதுக்கு முன்னாடி, கினி-பிஸ்ஸாவ் போராளிகளோட தங்கி 'பான்டாவுக்குத் துப்பாக்கிகள்'னு ஒரு படம் எடுத்தார் சாரா. அதுலயும் மையத்துல ஒரு பெண்தான். பணம் போட்டது அல்ஜீரியா. அங்கே ராணுவ அதிகாரிகளோட மோதல் வெடிக்க, ஃபிலிம் சுருள்களைப் பறிச்சுக்கிட்டாங்க. எதிரி இல்லைங்க, நண்பர்கள்!

2020 ஏப்ரலில் கொரோனா சாராவைக் கொண்டுபோயிடுச்சு. வயசு 90. 'சம்பிஸாங்கா'வைச் சுத்தம் பண்ணிப் புதுப்பிச்சது 2021-ல். பறிச்ச அந்தச் சுருள்கள் மட்டும் கடைசி வரை அவர் கைக்கு வரவே இல்லை.